புது ஃபியூஷன் கடையில் எதை, எப்படிச் சாப்பிடுவது?

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டைப் பக்கமோ பாளையங்கோட்டையிலோ சொதி பாஸ்தா, பரோட்டா டாக்கோ, அல்வா சீஸ்கேக் என்று மெனு போட்டுப் புதிதாக ஒரு கடை திறந்தால், முதல் வாரமே ஓடாதீர்கள். சமையல்கட்டு ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அப்புறம் நாலு பேராகப் போங்கள். ஆளுக்கொரு தட்டு சொல்லாமல் இரண்டு மூன்றை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

முதலில் சொதி, அதாவது நம்மூர்த் தேங்காய்ப்பால் குழம்பு, சேர்ந்ததைச் சொல்லுங்கள். மறுவீட்டு விருந்தில் அதைச் சாப்பிட்டு வளர்ந்த நம் நாக்கை ஏமாற்ற முடியாது. தேங்காயின் கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். கரண்டியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், ஓரத்தில் தண்ணீர் தனியாகவும் நடுவில் பொடிப்பொடியாகவும் நின்றால் அவசரச் சமையல். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், எலுமிச்சைப் புளிப்பு மூன்றும் தெரிய, மேலே சீஸ் கொஞ்சமாக இருந்தால் அந்தச் சமையல்காரருக்கு நம் சாப்பாடு தெரியும் என்று நம்பலாம். கூடவே இஞ்சித் துவையல் கேளுங்கள். தேங்காய்ப்பாலின் கனத்துக்கு அதுதான் துணை, நான் கேட்காமல் விடுவதே இல்லை.

காரம் எவ்வளவு வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி இருக்கும், சரி. சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் கிளம்புமுன் முதலாளியிடமே நேரில் சொல்லுங்கள், புதுக் கடைக்காரர் காது கொடுத்துக் கேட்பார்.