வள்ளலார் வளர்ந்த வீடு: ஏழுகிணறு போகிறவர்களுக்கு

ஊருக்கு வந்தால் தி.நகர், மயிலாப்பூர், மாமல்லபுரம் என்று சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம். இந்த முறை வடசென்னைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை உத்தமம்; மற்ற நாட்களில் ஜார்ஜ் டவுன் சந்துகளில் மூட்டைக்கும் மீன்பாடி வண்டிக்கும் ஒதுங்கியே பொழுது போய்விடும்.

விமான நிலையத்தில் விம்கோ நகர் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் மண்ணடியில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ. ‘ஏழுகிணறு, வீராசாமி தெரு, வள்ளலார் வீடு’ என்று சொல்லி, கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். எல்லோரும் ஜிபே கேட்பார்கள்; அது இல்லாதவர்கள் கையில் சில்லறை நோட்டு இருக்கட்டும். புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிதண்ணீர் கொடுக்க 1772இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வெட்டிய கிணறுகளால் வந்த பெயர்தான் ஏழுகிணறு.

1823இல் மருதூரில் பிறந்து, கைக்குழந்தையிலேயே தந்தையை இழந்த இராமலிங்கர், அதாவது வள்ளலார், அண்ணன் சபாபதியின் நிழலில் வளர்ந்தது இங்கேதான். சென்னையை விட்டுப் புறப்பட்டது 1858இல். அருங்காட்சியகம் போல எதிர்பார்த்துப் போகாதீர்கள். நெருக்கமான தெருவில் ஒரு வீடு, அவ்வளவுதான். வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள், படம் எடுக்கவும் கேளுங்கள். பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை மாடியறையில் கண்ணாடியும் விளக்கும் வைத்து உட்கார்ந்தான், கண்ணாடியில் தணிகை முருகன் தெரிந்தான் என்பார்கள். எனக்குப் பிடித்தது திண்ணைக் கதை. திருவொற்றியூர்க் கோயிலிலிருந்து இரவு நேரங்கழித்து வந்து, கதவைத் தட்ட மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்தவருக்கு, அந்தக் கோயிலின் வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்து சோறு போட்டாளாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அடுத்து ராசப்ப செட்டி தெருவில் கந்தகோட்டம் முருகன் கோயில். வள்ளலாரின் ‘ஒருமையுடன் நினது திருமலரடி’ பாடல் பிறந்த சந்நிதி. நடை சாத்துமுன், காலையிலேயே போய்விடுங்கள்.

மத்தியானம் சௌகார்பேட்டையில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. வள்ளலார் நடந்தே போய்வந்த தூரம் இது. வெயிலில் நீங்கள் முயல வேண்டாம். அங்கே கோயிலில் சிவன், ஆதிபுரீஸ்வரர், ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைவார்கள். டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்கள் டிக்கெட் போடும்முன் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் அது நவம்பரிலேயே முடிந்துவிடும்.