நெளியும் கோடும் ஏமாறும் கண்ணும்: நிறமாலையியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளியை வரையச் சொன்னால் எல்லோரும் பாம்பு நெளிவதைப் போல ஒரு கோடு வரைவார்கள். கரும்பலகையில் நானும் அப்படித்தான் வரைகிறேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "நீல ஒளிக்கு அலைநீளம் குறைவு, அதனால் நெளிவு அதிகம். அப்படியானால் அது சிவப்பு ஒளியைவிட அதிகத் தூரம் சுற்றிக்கொண்டு, தாமதமாகத்தானே வந்து சேர வேண்டும்?"

நான் வரைந்த படம் ஒளி போகும் பாதை என்றால், அவள் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. பிழை படத்தைப் படித்த விதத்தில் இருந்தது. அங்கே மேலும் கீழும் போவது ஒளியல்ல, மின்புலத்தின் அளவு. ஒளி செல்லும் நேர்கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் மின்புலம் எவ்வளவு வலுவாக, எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதையே அந்தக் கோடு காட்டுகிறது. காய்ச்சல்காரரின் வெப்பநிலை வரைபடம் ஏறி இறங்குவதைப் பார்த்து, அவர் கட்டிலில் ஏறி இறங்குகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. வெற்றிடத்தில் எல்லா மின்காந்த அலைகளுக்கும் ஒரே வேகம்தான்: வினாடிக்கு 29,97,92,458 மீட்டர். ரேடியோ அலைக்கும் எக்ஸ் கதிருக்கும் இதில் பாகுபாடு கிடையாது.

பொருள்கள் உட்கவரும், உமிழும், சிதறடிக்கும் ஒளியைப் பிரித்து அளந்து அவற்றை ஆராய்வதே நிறமாலையியல். அதில் நான் திருத்திய தவறுகளில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. சூத்திரம் மனப்பாடமாக இருக்கும். ஆனால், தாளில் இருக்கும் எண் எதை அளந்ததால் வந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு உதாரணம். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர். தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. எனவே தண்ணீருக்குள் அதே ஒளியின் அலைநீளம் சுமார் 442 நானோமீட்டராகச் சுருங்குகிறது. அட்டவணையைப் பார்த்தால் 442 என்பது நீலம். அப்படியானால் நீருக்குள் மூழ்கிப் பார்ப்பவருக்குச் சோடியம் விளக்கு நீலமாகத் தெரியுமா? தெரியாது. ஊடகம் மாறும்போது மாறுவது வேகமும் அலைநீளமும்தான், அதிர்வெண் மாறுவதில்லை. ஃபோட்டானின் ஆற்றலை முடிவு செய்வதும் அதிர்வெண்ணே. நிற அட்டவணைகளில் அச்சிட்டிருக்கும் அலைநீளங்கள் எல்லாம் வெற்றிடத்துக்கோ காற்றுக்கோ உரியவை என்பதை அட்டவணை நமக்குச் சொல்வதில்லை.

தலைகீழாக ஓடும் அச்சு

அகச்சிவப்பு நிறமாலைத் தாளில் இடது ஓரத்தில் 4000, வலது ஓரத்தில் 400 என்று இருக்கும். இவை அலை எண்கள், அலகு செ.மீ⁻¹. ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை அலைகள் அடங்குகின்றன என்பதுதான் அலை எண். எண் பெரிதாக இருந்தால் அலைநீளம் குறைவு, ஆற்றல் அதிகம். 4000 என்பது 2.5 மைக்ரோமீட்டர், 400 என்பது 25 மைக்ரோமீட்டர். "பெரிய எண், ஆகவே நீண்ட அலை" என்று எழுதி மதிப்பெண்ணைப் பறிகொடுப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. நானோமீட்டரில் சமமான இடைவெளி ஆற்றலிலும் சமமாக இருக்கும் என்று எண்ணுவது. 1 கோடியை நானோமீட்டரால் வகுத்தால் அலை எண் கிடைக்கும். 250-க்கும் 251-க்கும் இடையே உள்ள ஒரே ஒரு நானோமீட்டர், சுமார் 159 செ.மீ⁻¹. 500-க்கும் 501-க்கும் இடையே அதே ஒரு நானோமீட்டர் வெறும் 40 செ.மீ⁻¹. புற ஊதாப் பகுதியில் குறுகலாகத் தெரியும் ஒரு பட்டை, ஆற்றல் கணக்கில் அகலமானதாக இருக்கக்கூடும்.

மூலக்கூறுகள் சிதறடிக்கும் லேசர் ஒளியை அளக்கும் ராமன் நிறமாலையில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. அங்கே அச்சில் இருப்பது இடப்பெயர்ச்சி, அதாவது உள்ளே போன ஒளிக்கும் வெளியே வந்த ஒளிக்கும் இடையே உள்ள அலை எண் வித்தியாசம். பென்சீனுக்கு 992 என்று ஒரு உச்சம் வரும். 992 செ.மீ⁻¹ கொண்ட ஒளி கருவிக்குள் வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. 532 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால் உள்ளே போவது 18,797 செ.மீ⁻¹. மூலக்கூறு 992-ஐ வைத்துக்கொண்டு மீதி 17,805-ஐச் சிதறடிக்கிறது. வெளியே வருவது ஏறத்தாழ 561.6 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளிதான். லேசரை மாற்றினால் இந்த 561.6 மாறிவிடும், 992 மாறாது.

பிரகாசம் வேறு, ஆற்றல் வேறு

விளக்கின் ஒளியைக் கூட்டினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் அப்படியே இருக்கிறது. ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும் ஒளிமின் விளைவுக்கு 1905-இல் ஐன்ஸ்டீன் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது. வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள்; நுண்ணலை அடுப்பைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். "நுண்ணலை மூலக்கூறுகளை உடைத்துவிடும்" என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுப்பின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12.2 செ.மீ. ஒரு மோல் (சுமார் 6 × 10²³) ஃபோட்டான்களின் ஆற்றல் ஏறத்தாழ 1 ஜூல். ஒரு மோல் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்கச் சுமார் 413 கிலோஜூல் வேண்டும். நான்கு இலட்சம் மடங்கு இடைவெளி! மாறாக, 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் ஒரு மோலுக்கு 471 கிலோஜூல் இருக்கிறது. வெயிலில் வைத்த சாயம் வெளுப்பதற்கும் நுண்ணலையில் வைத்த தண்ணீர் வெறுமனே சூடாவதற்கும் காரணம் ஃபோட்டானின் ஆற்றலில் உள்ள இந்த இடைவெளிக்குள் இருக்கிறது. (வீரியமிக்க லேசர்களில் ஒரே மூலக்கூறு இரண்டு, மூன்று ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்கும் விதிவிலக்கு உண்டு. அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

அந்த அடுப்பு "தண்ணீரின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில்" இயங்குகிறது என்பதும் கட்டுக்கதை. திரவ நீர் நுண்ணலையை உட்கவர்வது வரைபடத்தில் அகலமான ஒரு மேடாகத் தெரியும். அறை வெப்பநிலையில் அதன் உச்சம் 20 கிகாஹெர்ட்ஸ் அருகே இருக்கிறது. அந்த உச்சத்தில் இயக்கினால் அலை மேற்பரப்பிலேயே தீர்ந்துபோகும். உள்ளே உணவு வேகாமலே கிடக்கும்.

பார்க்கும் நிறமும் பறிபோன நிறமும்

பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் ஊதாவாக இருக்கிறது, எனவே அது ஊதா ஒளியை உட்கவர்கிறது என்று எழுதுவது மிகப் பழைய தவறு. அது விழுங்குவது பச்சையை, 525 நானோமீட்டரை ஒட்டி. நம் கண்ணுக்கு வருவது மிச்சம். நீலமான தாமிர சல்பேட் கரைசலின் உட்கவர்தல் உச்சமோ கண்ணுக்குத் தெரியாத 800 நானோமீட்டர் அருகே இருக்கிறது. அதன் சரிவு சிவப்பைத் தின்றுவிடுவதால்தான் நீலம் மிஞ்சுகிறது. ஆனால், விழுங்கியது போக மிஞ்சியதே தெரியும் என்ற இந்த நிரப்பு நிற விதியை எடுத்துக்கொண்டு, உப்பைச் சுடரில் காட்டி நிறம் பார்க்கும் சுடர் சோதனைக்குப் போகாதீர்கள். சுடரில் தெரிவது உமிழ்ந்த ஒளி, மிச்சம் அல்ல. தாமிரம் சுடரில் காட்டும் பச்சை உண்மையிலேயே பச்சைதான்.

உட்கவர் அளவில் விழும் பள்ளம்

கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று காட்டும் எண்தான் உட்கவர் அளவு. ஆய்வகத்தில் எல்லோரும் அப்சார்பன்ஸ் என்றே சொல்லும் இந்த எண்ணில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். ஒரு கரைசல் ஒளியில் 10 சதவீதத்தை மட்டும் விடுகிறது. செறிவை இரு மடங்காக்கினால் எத்தனை சதவீதம் வெளியே வரும்? "5" என்று உடனே பதில் வரும். சரியான விடை 1. முதல் பாதி கரைசல் பத்தில் ஒரு பங்கை விட்டது. மறுபாதி அந்த ஒரு பங்கில் மறுபடியும் பத்தில் ஒரு பங்கை விடுகிறது. அதனால்தான் மடக்கை எடுக்கிறோம்: 10 சதவீதம் என்றால் உட்கவர் அளவு 1, 1 சதவீதம் என்றால் 2. செறிவோடு நேர்விகிதத்தில் நடப்பது இந்த எண், சதவீதம் அல்ல. இதுவே பீர்–லாம்பர்ட் விதி. சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இந்த அளவுக்கு அலகு கிடையாது என்பதையும் சேர்த்தே மறக்கிறார்கள்.

அடுத்து, கருவி 3 என்று காட்டினால் அதை அப்படியே எழுதிக்கொள்வது. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் உணரியை எட்டுகிறது. கருவிக்குள் கரைசலைத் தொடாமல் கசிந்து வரும் ஒளி அதே ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், 3 என்று வர வேண்டியது 2.7 என்று வரும். செறிவுக்கு எதிராக வரைந்த நேர்கோடு வளைந்துவிடும், பெயர் மட்டும் பீர்–லாம்பர்ட் விதிக்குக் கெடும். அளவு 1-ஐத் தாண்டினால் கரைசலை நீர்த்துப்போகச் செய்துவிட்டு மறுபடி அளப்பது என் வழக்கம்.

ஆனால், நீர்க்கச் செய்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆரஞ்சு நிற டைகுரோமேட் கரைசலில் தண்ணீர் சேர்க்கச் சேர்க்க, அதில் ஒரு பகுதி மஞ்சள் குரோமேட்டாக மாறுகிறது. இப்போது நீங்கள் அளப்பது அதே பொருளின் குறைந்த செறிவை அல்ல, வேறு பொருளை. அமிலத்தன்மையை நிலையாக வைக்காமல் வரைந்த நேர்கோட்டுக்கு அர்த்தமே இல்லை.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். படிக்கும் காலத்தில் 260 நானோமீட்டரில் அளக்க உட்கார்ந்து, ஒரு மதியம் முழுவதும் எதைப் போட்டாலும் ஒளியே வராமல் தவித்தேன். மருந்தைச் சந்தேகித்தேன், விளக்கைச் சந்தேகித்தேன், கருவி பழுது என்று புகாரும் எழுதிவிட்டேன். கடைசியில் உதவியாளர் வந்து, கரைசலை ஊற்றி வைக்கும் சிறு பாத்திரமான க்யூவெட்டை விரலால் சுண்டிப் பார்த்து, "இது கண்ணாடி, குவார்ட்ஸ் இல்லை" என்றார். சாதாரணக் கண்ணாடி அந்தப் பகுதியில் ஒளியை விடாது. கரைப்பானும் இப்படிக் காலை வாரும்: அசிட்டோன் 330 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை அடைத்துவிடும்.

இல்லாத சேர்மங்கள்

அகச்சிவப்பை உட்கவர மூலக்கூறு முனைவுற்றதாக, அதாவது ஒரு முனையில் நேர், மறுமுனையில் எதிர் மின்சுமை கொண்டதாக இருக்க வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். இந்த முனைவின் அளவே இருமுனைத் திருப்புத்திறன். கார்பன் டைஆக்சைடுக்கு அது நிலையாகக் கிடையாது. ஆனாலும் அது 2350 செ.மீ⁻¹ அருகே பலமாக உட்கவர்கிறது. அதிரும்போது திருப்புத்திறன் மாறினால் போதும். நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் எப்படி நீண்டு சுருங்கினாலும் அது மாறுவதில்லை. எனவே காற்றின் பெரும்பகுதி அகச்சிவப்புக்குத் தெளிவாக இருக்கிறது.

அந்த 2350 உச்சத்தைப் பார்த்து "நைட்ரைல் இருக்கிறது" என்று அறிக்கை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கார்பனும் நைட்ரஜனும் மும்மைப் பிணைப்பால் இணைந்த நைட்ரைல் 2200 முதல் 2260 வரை வரும். தாளில் இருந்தது கருவிக்குள் புகுந்த காற்று. சில சமயம் குனிந்து மாதிரியை வைத்தவரின் மூச்சு. இதே கதைதான் 3400 அருகே வரும் அகன்ற பட்டையும்: ஆல்கஹால் என்று துள்ளுவதற்கு முன், மாதிரியோடு கலந்து அரைத்த பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுத்ததா என்று பாருங்கள்.

மூலக்கூறுகளை அயனிகளாக்கி நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியின் தாளிலும் உச்சங்கள் நிற்கும். ஆனால், அதன் அச்சில் அலைநீளமும் இல்லை, அதிர்வெண்ணும் இல்லை. நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதம்தான் இருக்கிறது. அந்த உச்சங்களை உட்கவர்தல் என்று எழுதக் கூடாது.

ஒற்றைக் கோட்டை நம்புவது பெரிய அறிஞர்களையும் ஆட்டிவைத்த தவறு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியனின் விளிம்பில் எழுந்த பிழம்புகளில் பளிச்சென்ற மஞ்சள் கோடு தெரிந்தது. மஞ்சள் என்றால் சோடியம் என்றே முதலில் எண்ணினார்கள். கவனமாக அளந்தபோது அது 587.6 நானோமீட்டரில் நின்றது. சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6. ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவான அந்த வித்தியாசத்தை விடாமல் பிடித்ததால்தான் ஹீலியம் கிடைத்தது. 1895-இல் வேதியியலாளர் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலேயே, யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார்.

அந்த வெற்றி ஒரு தோல்விக்கும் வழிவிட்டது. 1869-இல் சூரிய ஒளிவட்டத்தில் 530.3 நானோமீட்டரில் ஒரு பச்சைக் கோடு தென்பட்டது. எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. புதிய தனிமம் என்று எண்ணி அதற்குக் "கொரோனியம்" என்று பெயர் வைத்தார்கள். கோடு தென்பட்டு எழுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது 13 எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு என்று தெரியவந்தது. அவ்வளவு சூட்டில் இரும்பு எப்படி ஒளிரும் என்று யாரும் அதுவரை அறிந்திருக்கவில்லை.

ஆகவே 589-இல் ஒரு கோட்டைக் கண்டதும் சோடியம் என்று எழுதிவிடாதீர்கள். அது இரண்டாகப் பிரிகிறதா என்று பாருங்கள். பிறகு 330 நானோமீட்டருக்குப் போங்கள். சோடியத்துக்கு அங்கே கண்ணுக்குத் தெரியாத இன்னோர் இரட்டைக் கோடு உண்டு. அதுவும் வந்து, உங்கள் விரலில் இருந்த உப்பு இல்லை என்றும் உறுதியானால் பேனாவை எடுங்கள்.