விம்பிள்டனை டிவியில் முழுசாகப் பார்க்க

விம்பிள்டன் டென்னிஸ் போட்டிக்கு முதலில் நேரம். இந்தியக் கணக்கில் வெளி கோர்ட்டுகளில் ஆட்டம் மாலை 3.30க்கும், நம்பர் 1 கோர்ட்டில் 5.30க்கும், சென்டர் கோர்ட்டில் 6 மணிக்கும் தொடங்கும். ஒற்றையர் இறுதிப் போட்டிகள் 2025 முதல் இரவு 8.30க்கு.

பதிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். செட்-டாப் பாக்ஸ் நிகழ்ச்சிப் பட்டியலில் உள்ள நேரத்தோடு நின்றுவிடும். டென்னிஸுக்கோ முடியும் நேரமே கிடையாது. 2019 ஆண்கள் இறுதிப் போட்டி 4 மணி 57 நிமிடம் ஓடியது. அதனால் அடுத்தடுத்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே பதிவில் போடுங்கள். லண்டனில் இரவு 11 மணிக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், மிச்சம் மறுநாள்தான்.

பந்து மங்கலாகவோ வால் முளைத்தோ தெரிந்தால் டிவியின் பட அமைப்புக்குள் போய் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள். வேகமாக நகரும் சின்னப் பந்தை அது இரைச்சல் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் குறைத்துப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் மோடு வேண்டாம். புல்லின் பச்சை கண்ணைப் பறிக்கும்.

பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உயரத்தில் நிற்கும் கேமரா கோணங்களை அருமையாகக் காட்டும். ஆனால் பந்து வலையை எவ்வளவு உயரத்தில் தாண்டுகிறது என்பதைத் தட்டையாக்கிவிடும். பந்தை வெட்டி, தாழ்வாக எழும்பும்படி அடிக்கும் ஸ்லைஸின் அழகே அதில்தான் காணாமல் போகிறது! தாழ்ந்த கோண ரீப்ளே வரும்போது பந்தை விட்டுவிட்டு, எதிராளியின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பாருங்கள். பந்து எவ்வளவு தாழ எழும்பியது என்பது அதிலேயே தெரியும்.

ஆப்பில் பார்த்தால் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். ஒளிபரப்பு பின்தங்கியே வரும்.