இலை அச்சுத் துணி: மனசு இளைப்பாற ஒரு கைவேலை

மனசு கனத்துக் கிடக்கிற நாளில் "ஏதாவது கைவேலை செய்" என்பார்கள். வரையத் தெரியாதவர்கள் என்ன செய்வது? இலை அச்சு இருக்கிறது: இலைகளைத் துணியில் பரப்பி, சுருட்டி, ஆவியில் வேகவைத்தால் அவற்றின் உருவமும் நிறமும் துணியில் பதியும். எந்த இலை எப்படிப் பதியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், சரியாக வந்ததா என்று மார்க் போட யாராலும் முடியாது. இதில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் இது மருந்துக்கு மாற்று இல்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வாரம் முன்பே இரும்புத் தண்ணீர் தயாராக வேண்டும். துருப்பிடித்த ஆணிகளைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஒரு பங்கு வினிகரும் இரண்டு பங்கு தண்ணீரும் ஊற்றுங்கள். வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள். துணியில் எழுதுகோலால் சித்திரம் வரையும் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக் கலைஞர்கள் இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கறுப்பு எடுக்கிறார்கள்.

துணிக்குப் பழைய பருத்தி வேட்டியே போதும். புதுத்துணி என்றால் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, கஞ்சி போக அலசுங்கள். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடி, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெந்நீரில் கரைத்து, துணியை இரவு முழுக்க ஊறவிட்டுப் பிழிந்து, அலசாமல் காயவையுங்கள். மங்கலான மஞ்சள் ஏறியிருக்கும். இந்தத் துவர்ப்பும் இரும்பும் சேரும் இடத்தில்தான் கறுப்பு பிறக்கும்.

அப்புறம் இலை பொறுக்கப் போங்கள். அவசரப்படவே வேண்டாம், பாதிப் பலன் இந்த நடையில்தான். தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் விரல் சிவக்குமே, அந்தச் சாயம் துணியிலும் இறங்கும். தைல மர இலை, மாதுளை இலை, துலுக்கச் சாமந்தி இதழ் எல்லாம் நல்லவை. இலையைத் திருப்பி நரம்பைத் தடவிப் பாருங்கள். புடைத்த நரம்பு துல்லியமாகப் பதியும். அரளி, எருக்கு மட்டும் கூடாது, நஞ்சு.

கையுறை போட்டுக்கொண்டு, இரும்புத் தண்ணீரில் இன்னொரு மடங்கு தண்ணீர் கலந்து, இலைகளை முக்கி, உதறி, கடுக்காய் ஏற்றிய துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து, அதில் நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். இரும்பு அதிகமானால் நாளடைவில் துணி இற்றுவிடும். ஒரு கட்டையில் இறுக்கிச் சுருட்டி, இடைவெளி தெரியாமல் நூலால் வரிந்து கட்டுங்கள். சமையலுக்குத் திரும்பாத பழைய இட்லிப் பானையில் இரண்டு மணி நேரம் ஆவியில் வேகட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

உடனே பிரிக்கக் கை பரபரக்கும். மறுநாள் காலை வரை விடுங்கள், நிறம் ஆழமாக இறங்கும்.

பிரித்த துணியை நிழலில் உலர்த்தி, ஓரிரு நாள் கழித்து லேசாக அலசுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போதெல்லாம் இலையின் ஓரத்தை ஒட்டி ஓட்டுத்தையல் போடலாம். தையல் கோணினாலும் பரவாயில்லை, இலையும் நேர்கோடாக வளர்வதில்லை. எலுமிச்சைச் சாறு மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்ட இடத்தில் கறுப்பு வெளிறிவிடும்.