லங் ஃபங்ஷன் டெஸ்டுக்குப் போகிறீர்களா? கடைசி மூச்சுவரை ஊதுங்கள்

முட்டு, இழுப்பு, விடாத இருமல் என்று கிளினிக் போகிறவர்களுக்கு டொக்டர் ஒருநாள் ஸ்பைரோமெட்ரி என்ற இந்த லங் ஃபங்ஷன் டெஸ்டை எழுதித் தருவார். ஊசி இல்லை, ஒரு குழாயில் ஊத வேண்டும், அவ்வளவுதான். ஐயாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்ததிலிருந்து ஊரில் எல்லாரும் என்னிடமே கேட்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் பம்ப். வென்டோலின் அடித்துவிட்டுப் போனால் மூச்சுக்குழாய் விரிந்திருக்கும், உள்ள நிலைமை தெரியாது. அதனால் வழக்கமாக 4 முதல் 6 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள், நீண்ட நேரம் வேலை செய்யும் பம்ப் என்றால் இன்னும் கூட. சிலருக்கு நிறுத்தாமலேயே செய்வார்கள். ஆகவே நீங்களாக நிறுத்தாமல், கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வழியில் முட்டு வந்தால் தயங்காமல் அடியுங்கள், அடித்த நேரத்தை அங்கே சொன்னால் சரி.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வவுனியாவுக்கு வெளிக்கிடுகிறவர்கள் வழியில் கடை கண்டால் வயிறு முட்டப் புட்டு சாப்பிடுவார்கள். டெஸ்டுக்கு முந்தின 2 மணி நேரத்தில் அது வேண்டாம். பீடி, சுருட்டு குறைந்தது 1 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். வெற்றிலை போட்டிருந்தால் வாயைக் கொப்பளியுங்கள். சாரத்தை இறுக்கிக் கட்ட வேண்டாம்.

இனி ஊதுவது. ஐயா இங்கேதான் மாட்டினார். மூக்கில் கிளிப், உதடு குழாயைச் சுற்றி இறுக்கமாக, நெஞ்சு நிறைய மூச்சு, எல்லாம் சரி. ஆனால் அடுப்பு ஊதுவதுபோல 'பூ' என்று ஒருமுறை ஊதிவிட்டு நிறுத்திவிட்டார். மெஷின் இரண்டு அளவு பார்க்கிறது: முதல் செக்கனில் வெளியே வந்த காற்று, மொத்தமாக வந்த காற்று. ஒருவருக்கு மொத்தம் 3 லீற்றர், முதல் செக்கனில் 1.8 என்றால் 60 வீதம், அதாவது மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கலாம். அவரே பாதியில் நிறுத்தி மொத்தம் 2.4 ஆகிவிட்டால் 75 வீதம், பார்க்க நல்ல றிசல்ட், உள்ளே இருப்பது மறைந்துபோகும். அதனால்தான் டெஸ்ட் செய்கிற மிஸ் "இன்னும், இன்னும்" என்று கத்துவார், கோபம் இல்லை. இனிக் காற்றே இல்லை என்று தோன்றிய பிறகும் தள்ளுங்கள், 6 செக்கனாவது போக வேண்டும்.

ஒத்துப்போகிற மாதிரி 3 ஊதல் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப ஊத வைப்பார்கள். தலை சுற்றினால் சொல்லிவிட்டு ஆறுதலாக இருங்கள். பிறகு பம்ப் கொடுத்து, 15 நிமிடம் அளவில் பொறுத்து மறுபடியும் ஊத வேண்டும், எனவே திரும்பும் பஸ்ஸை நெருக்கி யோசிக்காதீர்கள்.

வீட்டில் பழக ஃபோன் ஆப் எல்லாம் வீண். கதிரையில் இருந்துகொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒருமுறை ஊதிப் பார்த்தால் காணும்.

பின்சேர்க்கை: வீட்டில் பீக் ஃப்ளோ மீற்றர் (ஊதும் வேகத்தை மட்டும் அளக்கும் சின்னக் கருவி) வைத்திருக்கிறவர்களும் இதே இடத்தில் தடுமாறுகிறார்களாம். அதில் ஒரே வீச்சு போதும், இதில் போதாது. பல்செட் இறுக்கமாக நின்றால் கழற்றத் தேவையில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கண்ணிலோ வயிற்றிலோ ஒப்பரேஷன் செய்தவர்கள், இருமலில் இரத்தம் வருகிறவர்கள் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், டெஸ்டைத் தள்ளிப்போடக்கூடும்.