ஒகேனக்கல் இறக்கத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்: புதிதாக சைக்கிள் ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாக சைக்கிள் எடுப்பவர்கள் தூரத்தைக் கணக்குப் போடுகிறார்கள், மேட்டைக் கணக்குப் போடுவதில்லை. “தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தானே” என்று கிளம்புவார்கள். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் சாலை காவிரியை நோக்கி வளைந்து வளைந்து இறங்கும். மிதிக்கவே வேண்டாம், உற்சாகமாக இருக்கும். வயிறு முட்ட மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உச்சி வெயிலில் திரும்பும்போது, இறங்கியதெல்லாம் ஏற வேண்டும். பாதிப் பேர் சைக்கிளை பஸ் மேலேயோ டெம்போவிலோ ஏற்றிக்கொண்டுதான் ஊர் வந்து சேர்வார்கள்.

ஆகவே தொடக்கத்தில், போகும்போது ஏற்றமும் வரும்போது இறக்கமுமாக இருக்கும் பாதையைத் தேடுங்கள். இல்லையென்றால் கிருஷ்ணகிரிக்காரர்கள் கே.ஆர்.பி. அணை வரை போய்த் திரும்புவது போலச் சின்னச் சவாரி போதும்.

வெயிலுக்குப் பயந்து விடியும் முன்பே கிளம்புவது நல்ல பழக்கம்தான். ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் காட்டுச் சாலைகளில் அது ஆபத்து. யானை நடமாடும் நேரம் அது. பைக்கில் வருபவருக்காவது ஹெட்லைட்டும் வேகமும் இருக்கிறது, சைக்கிளில் இரண்டும் கிடையாது. அங்கே நன்றாக வெளுத்த பிறகு நுழைந்து, பொழுது சாயும் முன் வெளியே வந்துவிடுங்கள்.

இறக்கத்தில் செய்யும் தவறு வேறு மாதிரி. முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்து, பின் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தபடியே இறங்குவார்கள். உண்மையில் வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது உடல் எடை முன்சக்கரத்துக்கு நகர்வதால், பின்சக்கரம் எடை குறைந்து சறுக்கும். இரண்டையும் சேர்த்து, திடீரென்று அழுத்தாமல் படிப்படியாகப் பிடிக்க வேண்டும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். வளைவுக்குள் போய்ப் பிடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறும். விட்டு விட்டுப் பிடியுங்கள். நம் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. உங்களுடையது எப்படி என்று வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாயைப் பற்றி ஒரே வரி: லாரிகளே பிரேக் பிடிக்காமல் கவிழும் இடத்தில் புதியவருக்கு வேலை இல்லை.

முட்டி வலிக்கு வயதைக் குறை சொல்பவர்கள், முதலில் சீட்டைப் பார்க்க வேண்டும். வீட்டில் பையனுக்கு பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் சும்மா நிற்கிறது என்று அப்பா எடுத்து ஓட்டுவார். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டுமே என்று சீட்டை அடிவரை இறக்கிவிடுவார். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மேல் மடங்கும், இரண்டு வாரத்தில் வலிக்கும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். நிற்கும்போது ஒரு காலின் நுனிவிரல் தரையைத் தொட்டால் போதும். சீட் கம்பியில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் மட்டும் உயர்த்தாதீர்கள்.

கியர் சைக்கிள் வாங்கியவர்கள், மேட்டில் பாதி ஏறி மூச்சு வாங்கிய பிறகுதான் கியரை நினைப்பார்கள். அந்த நேரத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கடகடவென்று தாவும், சில நேரம் கழன்றே விழும். மேடு தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். கனமான கியரில் திணறித் திணறி மிதிப்பதைக் காட்டிலும், இலகுவில் வேகமாகச் சுற்றுவது முட்டிக்கு நல்லது.

காற்றை விரலால் அமுக்கிப் பார்த்து “இருக்குதுங்க” என்று சொல்வது நம் பழக்கம். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கினால், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். மண் பாதைகளில் கருவேல முள் வேறு. பஞ்சர் ஒட்டிய பிறகு டயரின் உள்பக்கத்தை மெல்லத் தடவி முள்முனை சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் டியூப்பை மாட்டினால், அடுத்த ஊருக்குள் மறுபடி பஞ்சர்தான்.

நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருவதும், இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டுவதும் வேண்டவே வேண்டாம். பின்னால் சிவப்பு விளக்கு அவசியம். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிச் சாலைகளில் லோடு வண்டிகள் நெருக்கும். ஓரமாக நின்று வழிவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை தள்ளிப்போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வியர்த்துக் கொட்டும் நாளில் வெறும் தண்ணீர் போதாது, உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். முதல் மாதமே விலை உயர்ந்த சைக்கிளுக்கு ஓடாதீர்கள். இருக்கும் சைக்கிளை உள்ளூர்க் கடையில் கொடுத்து பிரேக் கட்டை, கேபிள், செயின் மூன்றையும் சரிபார்த்து வாங்குங்கள். எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கடைக்காரரைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.