நீர் துப்பாத இன்ஜினும் கிரியான் ஆறும்

மலேசியாவின் நிபோங் திபாலில் செம்பனைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய ஃபைபர் போட் வாங்கினேன், பின்புறம் மாட்டும் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினோடு. பாதி நாள் அதிலேயே கழிகிறது. வீட்டுக்காரி, "பாயை அங்கேயே விரிச்சுக்கோங்க" என்கிறாள்.

போன மாதம் மின்மினிப் பூச்சி பார்க்கப் பேரனோடு கிரியான் ஆற்றில் போனபோது இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நூலாகிப் போனது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை. உடனே அணைத்துவிட்டேன். நல்லவேளை, நீர் ஏறும் நேரம். துடுப்புப் போட்டே கரை சேர்ந்தோம்.

நீர் உறிஞ்சும் வாயில் நெகிழிப்பைதான் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கியர் கம்பியின் இணைப்பைக் கழற்றி, கீழ்ப்பகுதியை இறக்கி, தண்ணீர்ப் பம்பைத் திறந்தால், தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் 2 இறகுகள் காணோம். வற்றும் நேரத்தில் சேற்றை உழுதுகொண்டு ஓட்டியதன் பலன், வேறு யாரைச் சொல்ல?

புதியது மாட்டினால் போதாது. உடைந்த துண்டுகள் மேலே குழாயில் அடைத்துக்கொள்ளும். ஒன்று கைக்கு வந்தது. மற்றொன்றுக்காகக் குழாயைக் கழற்றித் தண்ணீர் பீய்ச்ச வேண்டியிருந்தது. அப்புறம் இறகுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, இம்பெல்லரைச் சுழற்றும் தண்டை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே பம்பு மூடியை அமுக்கினேன். அப்போதுதான் இறகுகள் சரியான பக்கம் மடங்கும்.

வாளித் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் பீறிட்டுப் பேரனின் சட்டையை நனைத்தது.